கேளாத ஒலி காட்டும் வழி

முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண்மணியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கையாக இருக்கலாம். அடுத்த வீட்டுக்காரியாக இருக்கலாம். ஏன், நீங்களாகவே இருக்கலாம். காரிலிருந்து இறங்கும்போது ஒரு விநாடி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் காலை எடுத்து வைக்கிறாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது "அம்மாடி!" என்கிறாள். சினிமாவில் மூன்று மணி நேரம் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

"எங்கேயடி வலிக்கிறது?" என்று தாயார் கேட்டால், ஒரு விரலால் இடத்தைக் காட்ட அவளுக்குத் தெரியவில்லை. கட்டை விரல் பின்பக்கமும் மற்ற நாலு விரல்கள் முன்பக்கமுமாக, இடுப்பின் ஓரத்தைப் பிறைச் சந்திரன் போல் பிடித்துக்கொண்டு, "இங்கேதான் அம்மா, உள்ளே எங்கேயோ" என்கிறாள்.

இந்தக் கைப்பிடியைப் பார்த்ததும் விஷயம் தெரிந்த எலும்பு டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். இது இடுப்பு மூட்டுக்குள்ளிருந்து வரும் வலியின் அடையாளம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? "வாயுப் பிடிப்பு", "பிரசவத்துக்குப் பிறகு எல்லோருக்கும் வருவதுதான்", "தைலம் தேய்த்து வெந்நீர் விட்டுக்கொள்" என்கிறோம். இப்படியே வருஷங்கள் போய்விடுகின்றன.

அந்த வலிக்குக் காரணமாக இருக்கக்கூடிய ஒரு கோளாறைப் பற்றியும், அதைச் சரிசெய்யும் ஆபரேஷனைப் பற்றியும், அந்த ஆபரேஷனில் டாக்டருக்குக் கண்ணாக வந்து உதவும் ஓர் ஒலியைப் பற்றியும் இங்கே சொல்லப் போகிறேன். அது நம் காதுக்குக் கேளாத ஒலி!

குழியும் குழவியும்

ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். கல்லில் ஒரு குழி. குழிக்குள் உருளும் ஒரு குழவி. இடுப்பு மூட்டும் அப்படித்தான். இடுப்பெலும்பில் கிண்ணம் போன்ற ஒரு குழி. தொடை எலும்பின் உச்சியில் பந்து போன்ற ஒரு தலை. பந்துக்குக் கீழே ஒடுங்கிய ஒரு கழுத்து. பந்தும் கிண்ணமும் ஒன்றோடொன்று உராயாமல் இருக்க, இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு பூசியிருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி, ஜாடி மூடிக்கு ரப்பர் வளையம் போட்டதுபோல் ஒரு மெல்லிய வளையமும் இருக்கிறது. பந்து கிண்ணத்தில் இறுக்கமாகப் பொருந்தி நிற்பதற்கு அந்த வளையம் பெரிய உதவி.

சிலருக்குப் பந்தும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும். வேறு சிலருக்குக் கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டு பந்தை மூடியிருக்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. குந்தி உட்காரும்போதும், முழங்காலை மார்புப் பக்கம் மடக்கும்போதும், கழுத்தின் புடைப்பு கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கிறது. நாளாக ஆக வளையம் கிழிகிறது, குருத்தெலும்பு உரிகிறது.

ஸ்விட்ஸர்லாந்தில் பெர்ன் நகரைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற எலும்பு மருத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் 2003-ஆம் ஆண்டு இதை விரிவாக எழுதினார்கள். "வயதான காலத்தில் இடுப்பு மூட்டு தேய்ந்துபோவதற்கு இளமையிலேயே நடக்கும் இந்த இடிப்பு ஒரு காரணம்" என்பது அவர்கள் கண்ட உண்மை. கழுத்துப் புடைப்பு வாலிபர்களிடமும், விளிம்பு நீட்சி நடுத்தர வயதுப் பெண்களிடமும் அதிகம் காணப்படுவதாகவும் அவர்கள் எழுதினார்கள்.

மழைக் காலத்தில் மரக் கதவு உப்பிக்கொண்டு நிலையில் இடிக்கும், பார்த்திருப்பீர்கள். தச்சரைக் கூப்பிட்டால் அவர் என்ன செய்கிறார்? இழைப்புளியால் கொஞ்சம் சீவுகிறார். கதவைச் சாத்திப் பார்க்கிறார். மறுபடி கொஞ்சம் சீவுகிறார். இடுப்பு மூட்டு ஆபரேஷனும் இதே வேலைதான். ஆனால் ஒரு வித்தியாசம். தச்சருக்குக் கதவு கண்ணெதிரே இருக்கிறது. டாக்டரின் கதவோ தோலுக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் அடியில், பல அங்குல ஆழத்தில் இருக்கிறது!

உள்ளே நுழைவதுதான் கஷ்டம்

இந்த ஆபரேஷனைப் பெரும்பாலும் இரண்டு மூன்று சிறு துவாரங்கள் வழியாகவே செய்துவிடுகிறார்கள். ஒரு துவாரத்தில் பென்ஸில் பருமனுள்ள தொலைநோக்குக் குழல். இன்னொன்றில் எலும்பைச் சீவும் சிறு கருவி. குழலின் நுனி காட்டும் காட்சி டெலிவிஷன் திரையில் தெரியும்.

"அதுதான் காட்சி தெரிகிறதே, பிறகென்ன கஷ்டம்?" என்று கேட்பீர்கள். குழல் மூட்டுக்குள் போன பிறகு அல்லவா காட்சி! அது உள்ளே போகிற வரையில் என்ன செய்வது?

1931-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரில் மைக்கேல் பர்மன் என்ற டாக்டர், இறந்தவர்களின் உடலில் பல மூட்டுகளுக்குள் இப்படிக் குழல் விட்டுப் பார்த்தார். முழங்கால் வழி விட்டது. இடுப்பு மட்டும் எளிதில் இடம் கொடுக்கவில்லை. பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லை. கைகளில் ஈரம் தடவிய இரண்டு கண்ணாடித் தகடுகளைப் போல் அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆகையால் இன்று நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, விசேஷ மேஜையில் படுக்க வைத்து, காலைப் பிடித்து மெதுவாக இழுக்கிறார்கள். அப்போது பந்து கிண்ணத்திலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் விலகும். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் வாசல்! ஒரு பக்கம் பந்தின் வழவழப்பான குருத்தெலும்பு. மறுபக்கம் மெல்லிய வளையம். ஊசி கொஞ்சம் மேலே போனால் வளையத்தைக் குத்திவிடும். கொஞ்சம் கீழே போனால் பந்தைக் கீறிவிடும். முன்பக்கத்தில் தொடைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்பும் வேறு இருக்கின்றன.

இதற்கு நெடுநாளாக உதவிவருவது எக்ஸ்ரே. மேஜையைச் சுற்றி வளைந்து நிற்கும் ஒரு யந்திரம், வேண்டும்போதெல்லாம் எலும்பின் நிழலைத் திரையில் காட்டும். நல்ல துணைதான், சந்தேகமில்லை. ஆனால் எக்ஸ்ரே எலும்பைத்தான் தெளிவாகக் காட்டும். வளையத்தையும் நரம்பையும் ரத்தக் குழாயையும் அது காட்டாது. தவிர, ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கொஞ்சம் கதிர் உடம்பில் படுகிறது. டாக்டரும் நர்ஸும் ஈயம் வைத்த கனமான அங்கியை மாட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஓர் ஆபரேஷனில் நோயாளியின் மேல் படும் கதிர் அதிகமில்லை. அதற்காக யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் கதிர் படும் இடம் எது? இடுப்பு. பெண்ணின் கருப்பை, சினைப்பைகளுக்கு அருகே இருக்கும் இடம். 1956-இல் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர், புற்றுநோயால் குழந்தைகளை இழந்த தாய்மார்களை விசாரித்து ஒரு செய்தியை வெளியிட்டார். மற்றத் தாய்மார்களைவிட அந்தத் தாய்மார்கள், கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டது ஏறக்குறைய இரண்டு மடங்கு! முதலில் பலர் நம்பவில்லை. பிற்பாடு உலகமே ஒப்புக்கொண்டது. அதிலிருந்து, "அவசியமான இடத்தில், அவசியமான அளவு மட்டும் எக்ஸ்ரே" என்பது மருத்துவத்தில் ஒரு விதியாயிற்று.

எக்ஸ்ரேயைக் குறைக்க வேண்டுமானால் வேறு கண் வேண்டும். அந்தக் கண்தான் ஒலி.

பானை வாங்கும் வித்தை

மண்பானை வாங்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விரலை மடக்கி 'டொக்' என்று தட்டிப் பார்க்கிறீர்கள். நாதம் சுத்தமாக வந்தால் பானை நல்லது. பிசிறடித்தால் எங்கேயோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலி சொல்லிவிடுகிறது.

இதே வித்தையைத்தான் மேல்நாட்டு இரும்புத் தொழிற்சாலைகளும் செய்தன. மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்ட அதிர்வுள்ள ஒலியை இரும்புக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடித்தார்கள்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். "இரும்பின் விரிசலைக் காட்டும் ஒலி, பெண்ணின் வயிற்றுக்குள் இருக்கும் கட்டியைக் காட்டாதா?" என்று அவருக்குத் தோன்றிற்று. 1955-ஆம் ஆண்டு, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு, அருகிலிருந்த பாய்லர் தொழிற்சாலைக்கே போய்விட்டார்! ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் அங்கே வைத்திருந்தார்கள். நீர்க்கட்டி ஒரு மாதிரியும், கெட்டியான கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன.

பிறகு டாம் பிரவுன் என்ற இளம் எஞ்சினீயர் அவருடன் சேர்ந்து கருவியைச் செம்மைப்படுத்தினார். அப்போது ஒரு பெண்மணி ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிறு வீங்கிக் கிடந்தது. வயிற்றில் புற்றுநோய், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மற்ற டாக்டர்கள் தீர்மானித்திருந்தார்கள். ஒலிக் கருவியை வைத்துப் பார்த்தால், அது புற்றுநோயின் நீர்க்கோவையாகத் தோன்றவில்லை. பிரம்மாண்டமான ஒரு சினைப்பைக் கட்டியாகத் தோன்றிற்று. வயிற்றைத் திறந்தார்கள். ஒலி சொன்னதே சரி! கட்டியை எடுத்தார்கள், பெண்மணி பிழைத்தாள். 1958-இல் 'லான்ஸெட்' பத்திரிகையில் டொனால்ட், மக்விகார், பிரவுன் மூவரும் எழுதிய கட்டுரை, மருத்துவ உலகில் ஒரு புது வாசலைத் திறந்தது.

இன்று கர்ப்பிணிகளுக்கெல்லாம் 'ஸ்கேன்' என்று எடுக்கிறார்களே, அது இந்த ஒலிதான். வயிற்றில் வளரும் சிசுவின் மேல் செலுத்தத் தயங்காத ஒலி என்றால், அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

இடுப்பு மூட்டுக்கும் இந்த ஒலி புதிதல்ல. ஆஸ்திரியாவில் ரைன்ஹார்ட் கிராஃப் என்ற டாக்டர், பிறந்த குழந்தைகளின் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் முறையை 1980-இல் வெளியிட்டார். தாய்க்கும் மருத்துவச்சிக்கும் புலப்படாத விலகல் கூட அதில் தெரிந்தது. குழந்தைக்கு ஒலி உதவியதுபோல், அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளான பிறகும் உதவாதா? அந்தக் கேள்விக்குத்தான் இப்போது வருகிறோம்.

ஆபரேஷன் அறையில் ஒலி

சீனாவில் ஷாங்காய் நகர டாக்டர்கள், ஒலியின் துணைகொண்டு இடுப்பு மூட்டுக்குத் துவாரமிடும் முறையைப் பற்றி 2009-இல் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரிலிருந்து 2014-இல் இன்னொரு விவரம் வந்தது. வேறு சில நாடுகளிலும் இதைக் கைக்கொண்ட டாக்டர்கள் இருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போமா?

கருவி கைக்கு அடக்கமானது. அதைக் கிருமி நீக்கிய உறையில் போட்டு, கிருமி நீக்கிய களிம்பு தடவி, இடுப்பின் மேல் வைக்கிறார்கள். முதல் வேலை, ஆபத்தான இடங்களைக் குறித்துக்கொள்வது. ரத்தக் குழாய் திரையில் துடிப்பது தெரியும். ரத்தம் ஓடும் திசையை வர்ணமிட்டுக் காட்டும் வசதியும் உண்டு. "இந்தப் பக்கம் வராதே" என்று ஒலியே எல்லை போட்டுக் கொடுத்துவிடுகிறது.

அடுத்தபடியாக ஊசி. தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து அது தசைக்குள் இறங்கும்போது, திரையில் பளிச்சென்று ஒரு கோடு நகர்ந்து வருவது தெரிகிறது. பந்து தெரிகிறது, கிண்ணத்தின் விளிம்பும் தெரிகிறது, எக்ஸ்ரேக்குத் தெரியாத அந்த வளையமும் இங்கே தெரிகிறது. வளையத்துக்கும் பந்துக்கும் நடுவே ஊசி நுழைந்ததும் உப்பு நீரைச் செலுத்துகிறார்கள். மூட்டு விரிந்து கொடுக்கிறது. ஊசி வழியே மெல்லிய கம்பி. கம்பியின் மேல் குழல். வாசல் திறந்தாயிற்று!

இதெல்லாம் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது தெரியுமா? உடம்பின் சதையில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடுகிறது. 5 சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள எலும்பைத் தொட்டுத் திரும்புவதற்கு, ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 65 பங்கு நேரம் போதும். அதனால்தான் சித்திரம் ஓடும் படமாகவே தெரிகிறது.

குறையே நிறையான கதை

ஒலிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது எலும்பைத் தாண்டிப் போகாது. எலும்பில் பட்டதும் திரும்பி வந்துவிடும். எலும்புக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று கேட்டால் அது இருட்டைத்தான் காட்டும்.

ஆனால் இந்த ஆபரேஷனில் வேடிக்கையைப் பாருங்கள். டாக்டருக்கு வேண்டியது எலும்பின் உள்ளே இருப்பதல்ல, எலும்பின் மேற்பரப்புத்தான். புடைப்பு இருப்பது பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கத்தில். கருவியைக் கழுத்தின் நீளவாட்டில் வைத்தால், எலும்பின் மேற்பரப்பு வெள்ளைக் கோலக் கோடு போல் திரையில் விழுகிறது. பந்து வளைந்து இறங்கி, கழுத்தில் பள்ளமாகக் குழிய வேண்டும். அப்படிக் குழியாமல் கோடு மேடாகப் போனால், அந்த மேடுதான் குற்றவாளி!

சீவி முடித்த பிறகு மறுபடி கருவியை வைத்துப் பார்க்கலாம். முன்பிருந்த மேடு போய்ப் பள்ளம் விழுந்திருக்கிறதா? காலை மடக்கி உள்பக்கம் திருப்பும்போது எங்கேயாவது இடிக்கிறதா? தச்சர் கதவைச் சாத்திப் பார்க்கிற அதே வேலை!

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், சீவலில் அளவு தப்பக் கூடாது. குறைவாகச் சீவினால் இடிப்பு மிச்சமிருக்கும். இரண்டாம் தடவை ஆபரேஷன் மேஜைக்கு வருகிறவர்களில் பலர் இந்தக் காரணத்தால்தான் வருகிறார்கள். அதிகமாகச் சீவினாலோ கழுத்து பலவீனமாகி முறிந்துபோகலாம். அந்த இடத்தின் பருமனில் 30 சதவீதத்துக்கு மேல் சீவினால் உறுதி குறைகிறது என்று சோதனைச் சாலையில் கண்டிருக்கிறார்கள். அதோடு, பந்துக்கு உயிர் கொடுக்கும் சிறு ரத்தக் குழாய்கள் கழுத்தின் பின்புறமாக ஏறுகின்றன. அவற்றைத் தொட்டுவிடக் கூடாது. உப்பிட்டால் சமையல் ருசிக்கும். கூடினால் இலையில் கை வைக்க முடியாது. அந்தக் கைப்பக்குவம்தான் இங்கேயும்.

ஆனால் கழுத்தின் பின்புறத்தையும், கிண்ணத்தின் ஆழத்தையும் ஒலி காட்டாது. உடல் பருத்தவர்களுக்குச் சித்திரம் மங்கும். ஆபரேஷன் நீண்டுகொண்டே போனால் உப்பு நீர் தசைகளில் ஊறி, படம் கலங்கிவிடும். இதற்கென்று பழகிய கையும் வேண்டும். ஆகையால் பெரும்பாலான இடங்களில் எக்ஸ்ரேயே இன்றும் முக்கியத் துணையாக இருக்கிறது. சில டாக்டர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒலியால் முடிந்ததை ஒலியால் பார்த்து, மிச்சத்துக்கு மட்டும் எக்ஸ்ரேயைக் கூப்பிடுகிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இதைப் படித்துவிட்டு, "எனக்கும் எலும்பு புடைத்திருக்கிறதோ?" என்று உடனே கவலைப்பட ஆரம்பிக்காதீர்கள். புடைப்பு இருந்தும் ஆயுள் முழுவதும் ஒரு வலியும் இல்லாமல் வாழ்பவர்கள் எத்தனையோ பேர். 2016-இல் இங்கிலாந்தில் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வலி இருக்க வேண்டும். டாக்டரின் பரிசோதனையில் அறிகுறி தெரிய வேண்டும். படத்திலும் காண வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் இது நோய். படத்தில் மட்டும் தெரிந்தால் அது நோயல்ல.

நோய் என்று தீர்மானமானாலும், எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. பிரிட்டனில் 23 ஆஸ்பத்திரிகளில் 348 பேரைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தி, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதியினருக்கு ஆபரேஷன். மறு பாதியினருக்குத் தேர்ந்த பயிற்சியாளரிடம் உடற்பயிற்சி. ஓராண்டுக்குப் பின் இரு சாராருக்கும் குணம் தெரிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சற்று அதிகமாகத் தெரிந்தது. ஆகையால் முதலில் பயிற்சி, அதில் தீராவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், அவர் தட்டிக் கழிக்கிறார் என்று எண்ணாதீர்கள்.

இங்கேயும் ஒலி ஓர் உதவி செய்கிறது. வலி மூட்டிலிருந்துதான் வருகிறதா, முதுகிலிருந்து வருகிறதா என்று சந்தேகம் வந்தால், ஒலியால் பார்த்துக்கொண்டே மரத்துப்போகும் மருந்தை மூட்டுக்குள் செலுத்துவார்கள். சில மணி நேரம் வலி பறந்துபோனால், குற்றவாளி மூட்டுத்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். கத்தியை எடுப்பதற்கு முன்பே கிடைக்கும் சாட்சி இது.

ஆபரேஷன்தான் வழி என்று முடிவானால், டாக்டரிடம் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: "உள்ளே நுழையும்போது எதைப் பார்த்துக்கொண்டு நுழைவீர்கள்? எக்ஸ்ரே எவ்வளவு நேரம் வேண்டியிருக்கும்? சீவியது போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" கர்ப்பமாக இருக்கலாம் என்று லேசான சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டியதே இல்லை. நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், பதில் சொல்வார்.

நாம் முதலில் பார்த்தோமே, காரிலிருந்து இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்ட பெண்மணி, அவளிடம் மறுபடியும் போவோம். அவளுக்கு வேண்டியது முதலில் யந்திரமும் அல்ல, ஆபரேஷனும் அல்ல. "இங்கேதான், உள்ளே எங்கேயோ" என்று அவள் சொன்னபோது, அதை வாயு என்று ஒதுக்காமல் ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேளாத ஒலியைக் கேட்கும் யந்திரத்தை மனிதன் செய்துவிட்டான். வீட்டிலுள்ள பெண்ணின் வாயிலிருந்து வரும் "அம்மாடி!"யைக் கேட்பதற்கு யந்திரம் எதற்கு? நம் காதுகளே போதுமே!